முன்னறிவும் முன்நுகர்வும்: எல்லையோரச் சுவைஞர் நோக்கில் திரைப்பட முன்னோட்டம்

திரைப்படம் காணச் செல்லும் சுவைஞர் அதன் முன்னோட்டத்தை முன்னரே பார்த்துச் செல்லுதல் தகுமா, தவிர்த்தல் தகுமா என்னும் வினா அண்மைக் காலத்தில் ஓயாது எழுப்பப்பட்டு வருகின்றது. தவிர்க்கவேண்டும் என்போர், முன்னோட்டம் கதையை வெளிப்படுத்திவிடுகிறது என்பர். பார்க்கலாம் என்போர், கதை தெரிவதனால் சுவை குன்றுவதில்லை என்றும், காசு கொடுத்துப் பார்ப்பவனுக்குப் பொருளின் தன்மையை முன்பே அறிய உரிமை உண்டு என்றும் கூறுவர். இவ்விரு திறத்தாரும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். முன்னோட்டம் தருவது கதைச்செய்தி என்பதே அக்கருத்து. அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கேரளத்தின் தென்கோடியில் உள்ள அம்பூரி, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லையோர ஊர்கள் கொள்ளப்படுகின்றன. அம்பூரி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், நெய்யாற்று நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்தது. 2014ஆம் ஆண்டு காட்டாக்கடை வட்டம் பிரிக்கப்படும் வரை நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்துடன் இணைக்கவேண்டும் எனக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை தமிழகத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. வெள்ளறடையைக் கடந்தால் பனச்சமூடு. எல்லைக்கல் நடப்பட்டதனால் பேச்சும் பாட்டும் கதையும் இரண்டாகிவிடவில்லை. மலையாளப் படத்தையும் தமிழ்ப் படத்தையும் மொழிபெயர்ப்பின்றிக் காண வல்ல சுவைஞர் இப்பகுதியில் மிகுதி. ஒரு கதையை ஒரு மொழியில் முற்றக் கண்டபின், அதனையே மற்றொரு மொழியில் மீண்டும் காணும் வாய்ப்பு இவர்களுக்கு இயல்பாகவே கிட்டுகின்றது. முன்னறிவு சுவையைக் கெடுக்குமா என்னும் வினாவுக்கு இவர்களினும் தக்க சான்றாளர் அரியர்.

பாயிர மரபு

ஒரு படைப்பினுள் புகுமுன் அதனைப்பற்றி அறிந்துகொள்ளுதல் தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. பாயிரம் இல்லாதது, மற்ற சிறப்புகள் எத்துணை அமைந்திருப்பினும், நூலாகாது என்பது பவணந்தியாரின் கருத்து. சிறப்புப் பாயிரத்துள் அடங்கவேண்டியவற்றுள் நுதலிய பொருளும் ஒன்றாகும். இந்நூல் எதனைக் கூறுகிறது என்பது முன்னரே கூறப்பட்டாக வேண்டும்.

இலக்கண நூலுக்கு இது பொருந்தும், கதை நூலுக்கு எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். சிலப்பதிகாரப் பதிகமே அதற்கு விடையாகும். கோவலன் கண்ணகி கதை, மதுரை எரியுண்டமை, முற்பிறப்புச் செய்தி, காப்பியம் நிறுவ எண்ணும் மூன்று உண்மைகள் ஆகிய அனைத்தும் முதற்காதை தொடங்குமுன் பதிகத்துள் வெளிப்படையாகக் கூறப்பட்டுவிடுகின்றன. மணிமேகலைப் பதிகமும் கதைநிகழ்ச்சிகளை நிரலே அடுக்கித் தருகின்றது. மங்கல வாழ்த்துப் பாடலில் புகார் நகரத்து மணவிழாவைப் படிக்கும் ஒருவர், அம்மணமகன் கொலையுண்பான் என்பதை அறிந்துகொண்டேதான் படிக்கின்றார். அவ்வறிவு மணவிழாவின் சுவையைக் குறைக்கவில்லை. அவ்விழாவுக்கு ஓர் அவலநிழலைத் தருகின்றது.

பாயிரத்திற்கு வழங்கும் பெயர்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. பதிகம் என்பது பொருளைத் தொகுத்துக் கூறுவது. புனைந்துரை என்பது நூலின் பெருமை விளங்க அணிசெய்து கூறுவது. தந்துரை என்பது நூலில் இல்லாதவற்றைக் கொணர்ந்து கூறுவது என உரையாசிரியர் விளக்குவர். முன்னுரைத்தல் என்னும் ஒரு செயலுக்குள்ளேயே தொகுத்தல், புனைதல், புறத்திருந்து தருதல் என வேறுபட்ட செயல்கள் உள்ளன என்பதை நம் இலக்கண ஆசிரியர் உணர்ந்திருந்தனர். இன்றைய முன்னோட்டம் இம்மூன்றையும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. பார்ப்பவன் எது தொகுப்பு, எது புனைவு, எது தந்துரை எனப் பிரித்தறிய வழியில்லை. இக்கலப்பினால் விளைந்த வழக்கொன்று பின்னர்க் கூறப்படும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் ஆசிரியர், ஒவ்வொன்றும் தோன்றுதற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகின்றார். புதுமை என்பது மருட்கைக்குரிய நான்கு களன்களுள் ஒன்று மட்டுமே. பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன எஞ்சிய மூன்று. கதை முன்பே தெரிந்துவிட்டால் நேராக இழக்கப்படுவது புதுமை. எட்டு மெய்ப்பாட்டின் முப்பத்திரண்டு களன்களுள் அது ஒன்று. சுவையைக் கணக்கிட்டுப் பார்த்தல் இயலாது எனினும், கதைப் புதுமை ஒன்றையே படத்தின் உயிர் எனக் கொள்ளும் இன்றைய எண்ணம் பழமையானதன்று என்பது இதனால் புலனாகும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு போன்றோரின் துப்பறியும் புதினங்கள் பரவிய இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே 'முடிவைச் சொல்லாதே' என்னும் வேண்டுகோள் தமிழ் வாசகரிடையே பொருளுடையதாயிற்று எனலாம்.

கனவு என்னும் முன்னோட்டம்

எல்லையோரப் பகுதிக்கே உரிய சான்றாக வில்லுப்பாட்டைக் கொள்ளலாம். நாஞ்சில் நாட்டிலும் தென் திருவிதாங்கூரிலும் கோயில் கொடைகளில் பாடப்படும் கதைகள் கேட்போர் அனைவரும் முன்பே அறிந்தவை. நீலி கதையாயினும் தம்பிமார் கதையாயினும் முடிவு அறியாதவர் அவ்வரங்கில் இரார். பாடுவோர் முடிவை மாற்றினால் கேட்போர் பொறுக்கமாட்டார். முடிவு தெரியும் என்பதற்காக எழுந்து செல்வதும் இல்லை.

இவற்றுள் இரவிக்குட்டிப் பிள்ளை போர் இக்கட்டுரைக்கு மிகப் பயன்படுவது. திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து 1635இல் கணியாகுளத்தில் வீழ்ந்த வேணாட்டுப் படைத்தலைவனின் கதை அது. போருக்குப் புறப்படும் முன் தாயும் மனைவியும் தீய நிமித்தங்களையும் கண்ட கனவையும் கூறி அவனைத் தடுக்கும் பகுதி அக்கதையின் உருக்கமான இடங்களுள் ஒன்று. கதைப்போக்கு நோக்கின் இது ஒரு முன்னோட்டமே. பின்னர் நிகழவிருப்பது முன்னரே காட்டப்படுகிறது. ஆனால் காட்டப்படும் முறையில் ஒரு வரையறை உண்டு. கனவில் வருவது போர்க்களம் அன்று. போர்க்களத்தைக் குறிக்கும் வேறொன்று. சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் கோவலனும் காணும் கனவுகளும், அசோகவனத்தில் திரிசடை கூறும் கனவும் இத்தன்மையனவே. செய்தி முன்னரே வந்துவிடுகிறது; நிகழ்ச்சி தன் இடத்தில் தான் நிகழக் காத்திருக்கிறது. கேட்பவன் வரப்போவதை அறிந்தவன். ஆயினும் அதனை அவன் இன்னும் நுகரவில்லை.

இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையமாகும். முன்கூட்டி அறிதலை முன்னறிவு என்றும், அறியப்படவேண்டிய காட்சியையே முன்கூட்டித் துய்த்தலை முன்நுகர்வு என்றும் இங்குப் பெயரிட்டு வழங்கலாம்.

பாட்டுப் புத்தகமும் நோட்டீசும்

தமிழ்ப் பேசும்படத்தின் முன்னோட்டம், அதன் தொடக்க காலத்தில், பெரும்பாலும் அச்சில் இருந்தது. 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளிவந்ததைத் தொடர்ந்து வந்த பல ஆண்டுகளில் திரைப்படப் பாட்டுப் புத்தகம் ஒரு தனி வெளியீட்டு வகையாகவே வளர்ந்தது. நடிகர் பெயர்ப் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்கள் என்பன அதன் உறுப்புகள். படச்சுருள்கள் அழிந்துபோன பல படங்களுக்கு இச்சிறு புத்தகங்களே இன்று எஞ்சிய சான்றுகளாக உள்ளன. ஆய்வாளர் இவற்றை வரலாற்று மூலமாகக் கொள்வது நன்கு அறியப்பட்டதே. இவற்றின் கதைச் சுருக்கத்தை ஓர் உரைநடை வகையாகக் கொண்டு ஆராய்ந்தவர் குறைவு என்பது வருந்தத்தக்கது.

அச்சுருக்கத்தின் அமைப்பு எளியது. கதை தொடக்கத்திலிருந்து நேர்வரிசையில் கூறப்படும். சிக்கல் முறுகும் இடத்தில் இரண்டு மூன்று வினாக்கள் எழுப்பப்படும். தலைவி என்ன ஆனாள், தீயவன் எண்ணம் ஈடேறியதா என்பன போன்ற வினாக்கள் அவை. பின்னர் எஞ்சியதை வெள்ளித்திரையில் காணுமாறு கூறி முடிக்கப்படும். மலையாள நோட்டீசுகளிலும் இதே வழக்கு நிலவியது. 'சேஷம் ஸ்கிரீனில்' என்னும் தொடர் மலையாளிகளின் அன்றாடப் பேச்சில் ஒரு மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. எல்லையோர ஊரார் இவ்விரு முடிப்புத் தொடர்களையும் ஒருங்கே அறிந்தவர்.

தொடக்ககாலப் படங்களிற் பெரும்பாலானவை புராணக் கதைகள். அரிச்சந்திரன் கதையிலோ வள்ளி திருமணத்திலோ மறைப்பதற்கு எதுவுமில்லை. அவற்றிற்கும் 'மிகுதி வெள்ளித்திரையில்' என்று முடித்தது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும் அத்தொடரின் உட்பொருள் முடிவை மறைத்தல் அன்று. கதை இங்கே, காட்சி அங்கே என்னும் எல்லையை அது வகுத்தது. புத்தகத்தில் சொல்லப்படக்கூடியது சொல்லப்பட்டது. காணப்படவேண்டியது திரைக்கென விடப்பட்டது. வானொலி ஒலிபரப்பிய திரைப்பட ஒலிச்சித்திரமும் இவ்வகையினதே. உரையாடலையும் பாடலையும் முன்பே கேட்டிருந்தும், முகத்தையும் இடத்தையும் காணும் ஆவல் கேட்டவருக்குக் குறையவில்லை. வளர்ந்தது என்றே கூறவேண்டும்.

மற்றொரு வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. பாட்டுப் புத்தகம் விலைக்கு விற்கப்பட்டது, வேண்டியவர் வாங்கினர். பலர் படம் பார்த்தபின் பாடல்களுக்காகவே வாங்கினர். நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் இட்டுவிடலாம். திரையரங்கின் இருளில், அமர்ந்த இடத்தில், விரும்பிய படத்திற்குமுன் காட்டப்படும் வேறொரு படத்தின் முன்னோட்டத்தை அவ்வாறு மடித்துவைக்க இயலாது. பார்ப்பதா தவிர்ப்பதா என்னும் வினா ஒருவர் விருப்பத்தைச் சார்ந்தது எனக் கூறுவோர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை.

இருமொழிச் சுவைஞர் கண்ட இரு கதைகள்

1993 டிசம்பரில் வெளியான 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தை ஃபாசில் இயக்கினார். அதன் சில பகுதிகள் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் படமாக்கப்பட்டவை. எல்லையோரச் சுவைஞருக்கு அவ்வரண்மனை கதையிடம் மட்டுமன்று, பேருந்தேறிச் சென்று காணத்தக்க அண்டை ஊர். பதினோர் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2005 ஏப்ரல் 14ஆம் நாள், பி. வாசு இயக்கத்தில் 'சந்திரமுகி' தமிழில் வந்தது. கதையின் முதன்மை மறைபொருள் இரண்டிலும் ஒன்றே. மலையாளப் படம் கண்டவர்க்குத் தமிழ்ப் படத்தில் அவிழ்க்கவேண்டிய முடிச்சு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அவ்வாறாயின் அவர் எதனைக் கண்டார்? வேறுபாட்டைக் கண்டார். மலையாளப் படத்தில் பழைய மாளிகையை ஆட்டுவிக்கும் ஆடல்மகள் தஞ்சையிலிருந்து வந்த தமிழச்சி. அவள் தமிழ் பேசுவதே மலையாளச் சுவைஞருக்கு அச்சம் தரும் அயன்மையாக அமைகின்றது. தமிழ்ப் படத்தில் தமிழ் அயன்மொழியாக இருத்தல் இயலாது. ஆதலின் ஆடல்மகள் தெலுங்கு பேசுகின்றாள். அயன்மை என்னும் உத்தி அப்படியே இருக்க, மொழி மட்டும் ஒரு படி தள்ளி வைக்கப்படுகிறது. பாறசாலையில் வாழும் ஒருவருக்குத் தமிழ் அயன்மொழியன்று. மலையாளப் படம் அவரிடம் எதிர்பார்த்த அச்சம் முழுதும் அவரிடத்து எழுந்திராது. தெலுங்கைக் கேட்டபோது ஒருகால் எழுந்திருக்கக்கூடும். இத்தகைய நுட்பம் கதை தெரிந்தவருக்கே தோன்றுவது. 'சந்திரமுகி' சென்னை சாந்தி திரையரங்கில் எண்ணூறு நாள்களுக்கு மேல் ஓடியதும் இங்கு எண்ணத்தக்கது. மறைபொருள் ஒன்றே அப்படத்தின் உயிராயின் மீண்டும் மீண்டும் வந்தவர் எதற்காக வந்தனர் என்பதற்கு விடையில்லை.

'திருஷ்யம்' இன்னும் பொருத்தமான சான்று. ஜீத்து ஜோசப் இயக்கிய இம்மலையாளப் படம் 2013 டிசம்பரிலும், அவரே இயக்கிய தமிழ் வடிவமாகிய 'பாபநாசம்' 2015 சூலையிலும் வெளியாயின. தமிழ் வடிவத்தின் உரையாடலை எழுதியவர் ஜெயமோகன். அம்பூரி, வெள்ளறடைப் பகுதிக்கு எல்லைக்கு இப்பால் அண்மையில் உள்ள அருமனையில் பிறந்தவர் அவர் என்பது இக்களத்திற்கு இயைந்த செய்தி. கதைத்தலைவன் கம்பிவடத் தொலைக்காட்சி நடத்துபவன், பள்ளிப்படிப்பு முற்றாதவன், தன் அறிவு முழுவதையும் பார்த்த படங்களிலிருந்தே பெற்றவன். அவனே முன்னறிவால் பிழைக்கும் ஒரு சுவைஞன் என்பது படத்தின் நயங்களுள் ஒன்று.

மலையாள வடிவத்தை முற்றக் கண்டு, மறைக்கப்பட்டது எங்கே என்பதையும் அறிந்துகொண்டு 'பாபநாசம்' காணச் சென்றவரின் நிலை யாது? எந்த முன்னோட்டமும் தரமுடியாத அளவு கதைச்செய்தி அவரிடம் உள்ளது. ஆயினும் தொடுபுழைப் பயணம் தென்காசிப் பயணமாக மாறுவதும், இடுக்கி மலைநாட்டுப் பேச்சு திருநெல்வேலிப் பேச்சாக மாறுவதும், மோகன்லால் அடக்கிக்கொண்ட இடத்தில் கமல்ஹாசன் உருகி நிற்பதும் அவருக்குப் புதியவை. காவலர் வினவும்போது அவர் கண் வினாவுக்குரிய விடையைத் தேடுவதில்லை. விடை தெரிந்தவன் முகம் அதனை எவ்வாறு மறைக்கிறது என்பதைத் தேடுகிறது. எவ்வாறு அடங்கியிருத்தல் பொருந்தும், எவ்வாறு உருகுதல் பொருந்தும் என்று தீர்ப்பிடும் தகுதியும் அவருக்கே வாய்க்கிறது. மோகன்லாலின் அடக்கமே கதைக்கு இயைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. திருநெல்வேலிப் பேச்சின் இயல்பான வேகத்திற்குக் கமல்ஹாசனின் முறையே பொருந்தும் என்று வாதிடுவோர்க்கும் இடமுண்டு.

இச்சுவைஞரின் முன்னறிவு முழுமையானது. முன்நுகர்வோ சிறிதும் இல்லை. தமிழ்ப் படத்தின் ஒரு காட்சியையும் அவர் முன்பு கண்டதில்லை. மலையாளம் அறியாத ஒருவர் 'பாபநாசம்' படத்தின் முன்னோட்டத்தைப் பலமுறை பார்த்துச் சென்றிருப்பின் அவர் நிலை இதற்கு நேர்மாறானது. கதை அவருக்குத் தெரியாது. அதன் காட்சித் துணுக்குகள் கண்ணுக்குப் பழகியவை. அப்பழகிய துணுக்கு எப்போது வரும் என அவர் உள்ளத்தின் ஒரு பகுதி காத்திருக்கும். வந்தபின் 'இது அதுதான்' என அடையாளம் கண்டு அமையும். காணுதல் அடையாளங்காணுதலாகச் சுருங்கிவிடுகிறது.

மறைபொருளே உயிரான படங்கள்

முன்னறிவு எப்படத்திற்கும் தீங்கற்றது என்று இதனால் முடிவுகட்டுதல் தவறாகும். 1954இல் ஏ.வி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடலோ நடனமோ இல்லாத படம். வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்க, பலர் கூறும் பல கூற்றுகளின் வழியே உண்மை தேடப்படுகிறது. சுட்டவர் யார் என்பதை இவ்விடத்தில் கூறுதல் கட்டுரைப் பொருளுக்கே முரணாகும். அப்படம் முதல் வெளியீட்டில் வணிக வெற்றி பெறவில்லை; நாளடைவிலேயே சிறப்பு உணரப்பட்டது. இத்தகைய படத்தை முதன்முறை காண்பவருக்கு ஒவ்வொரு கூற்றையும் நம்புவதும் ஐயுறுவதுமே சுவை. விடையை முன்பே அறிந்தால் அவ்வூசலாட்டம் நேராது. இரண்டாம் முறை கிடைக்கும் சுவை வேறு. அதனைப் பெற முதல்முறையை இழக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை.

ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' வெளியிட்டபோது, படம் தொடங்கியபின் எவரையும் அரங்கினுள் விடலாகாது என்றும், கண்டவர் முடிவை வெளியிடலாகாது என்றும் வேண்டினார். அதே படத்திற்கு அவர் செய்த முன்னோட்டம் ஆறு நிமிடத்திற்கு மேற்பட்டது. அதில் அவரே படத்தின் அரங்க அமைப்புக்குள் நடந்து, இங்கே ஒன்று நிகழ்ந்தது, அங்கே ஒன்று நிகழ்ந்தது என்று பாதி கூறிப் பாதி விழுங்குகின்றார். படத்தின் காட்சிகளை வெட்டி எடுத்து அடுக்கும் வழியை அவர் கொள்ளவில்லை. நம் பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கம் எழுதியவர் செய்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை வியப்புக்குரியது.

இவ்வினா உளவியலாராலும் ஆராயப்பட்டுள்ளது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்டு ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே அறிந்து படித்தவர் அறியாது படித்தவரினும் சற்றுக் கூடுதலாகச் சுவைத்தனர் எனக் கண்டனர். 2015இல் ஜான்சன், ரோசன்பாம் ஆகியோர் செய்த ஆய்வு முன்னறிவால் சுவை குன்றுவதாகக் காட்டியது. இம்முரண் வியப்பிற்குரியதன்று. இவ்வாய்வுகளில் ஆராயப்பட்டது சொல்லால் கூறப்படும் கதைச்செய்தி. படத்தின் காட்சியையே முன்னர்க் காட்டும் முன்னோட்டத்திற்கு இம்முடிவுகளை எடுத்துப் பொருத்துவோர் இரண்டும் ஒன்றே எனக் கொண்டு மயங்குகின்றனர்.

முன்னோட்டத்தின் ஆக்கமும் ஒரு வழக்கும்

ஆங்கிலத்தில் டிரெய்லர் என்னும் சொல் 'பின்தொடர்வது' என்னும் பொருளது. அமெரிக்க அரங்குகளில் தொடக்கத்தில் அது படம் முடிந்தபின் காட்டப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. எழுந்து செல்பவர் செல்லலாம். பின்னர் அது படத்திற்கு முன்னே நகர்ந்தது; பெயர் மட்டும் பின்னே நின்றுவிட்டது. தமிழில் வழங்கும் 'முன்னோட்டம்' என்னும் சொல்லே இன்றைய நிலைக்குப் பொருத்தமானது.

அதன் ஆக்கமுறை கதைச் சுருக்கத்தினின்றும் முற்றிலும் வேறானது. நேர்வரிசை அதற்கு இல்லை. ஒரு காட்சியின் உரையாடல் வேறொரு காட்சியின் முகத்தின்மேல் ஒலிக்கும். இறுதிப் பகுதியின் சண்டையும் தீயும் ஓட்டமும் இசையின் தாளத்திற்கேற்ப நொடிக்கணக்கில் வெட்டி அடுக்கப்படும். இதனால் கதை வெளிப்படுவதில்லை. பெரும்பாலான முன்னோட்டங்களைப் பார்த்துக் கதையைக் கூறுதல் கடினம். வெளிப்படுவது படத்தின் மிகச் சிறந்த கணங்கள். செலவு மிகுந்த காட்சி, தலைவன் தோன்றும் கோணம், அரங்கை அதிரவைக்கும் என எழுதப்பட்ட ஒற்றை வசனம் ஆகியவை தம் இடத்தினின்றும் பெயர்க்கப்பட்டு இலவசமாக வழங்கப்படுகின்றன. முன்னோட்டத்தைக் குறைகூறுவோர் 'கதையைச் சொல்லிவிட்டார்கள்' என்று வருந்துவது இலக்குத் தவறிய வருத்தம். கதையைச் சொல்லியிருந்தால் இத்துணைத் தீங்கு இல்லை.

ரசிகர் மன்றத்தாரின் நிலை வேறு. அவர்களுக்கு முன்னோட்டம் படத்திற்கு வாயில் அன்று, தனித்தோர் விழா. 2023 அக்டோபரில் 'லியோ' படத்தின் முன்னோட்டம் சென்னைத் திரையரங்கு ஒன்றில் திரையிடப்பட்டபோது இருக்கைகள் சேதமடைந்த செய்தி பரவலாக வெளிவந்தது. படமே இல்லாத ஓர் அரங்கில் படத்திற்குரிய முழு ஆரவாரமும் செலவிடப்பட்டுவிட்டது. கொடைவிழாவில் கதை முற்றும் கேட்டபின் வரவேண்டிய அருள், காப்புப் பாடலிலேயே வந்துவிட்டாற் போன்றது இது. ஆயினும் இவர்களை நோக்கித் 'தவிர்த்துவிடுக' என அறிவுறுத்துதல் பயனற்றது. அவர்கள் படத்தைக் காணச் செல்வது தம் நாயகனைக் காணவே; நாயகனை எத்தனை முறை காணினும் அவர்க்குத் தெவிட்டுவதில்லை.

முன்னோட்டம் ஒரு வாக்குறுதியா என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றது. 2016இல் வெளியான 'ஃபேன்' என்னும் இந்திப் படத்தின் விளம்பரத்தில் இடம்பெற்ற பாடல் படத்தில் இல்லை. அப்பாடலை எதிர்பார்த்துக் குடும்பத்துடன் சென்ற ஒருவர் நுகர்வோர் மன்றத்தை அணுகினார். மகாராட்டிர மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் வழங்குமாறு ஆணையிட்டது. தேசிய ஆணையமும் அதனை ஏற்றது. 2024 ஏப்ரல் 22இல் உச்சநீதிமன்றம் இவ்வாணைகளை நீக்கியது. முன்னோட்டம் பார்வையாளரை நுழைவுச்சீட்டு வாங்கத் தூண்டும் ஒருதலை விளம்பரமே. அது முன்மொழிவோ ஒப்பந்தமோ ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கலைப்படைப்பில் படைப்போனுக்குரிய உரிமையையும் நீதிபதிகள் கருத்திற் கொண்டனர்.

சட்டநோக்கில் இத்தீர்ப்பு ஏற்கத்தக்கதே. இயக்குநர் தம் படத்தை இறுதிவரை திருத்தும் உரிமையை ஒரு விளம்பரம் பறித்துவிடலாகாது. திறனாய்வு நோக்கில் இவ்வழக்கு வேறொன்றைக் காட்டுகிறது. நூலில் இல்லாததை நூலுக்கு முன்னே நிறுத்தும் தந்துரையை, நூலின் தொகுப்பாகிய பதிகம் என எண்ணி ஒருவர் ஏமாந்தார். புனைந்துரை எனத் தெரிந்து கேட்பவன் ஏமாறுவதில்லை. முன்னோட்டத்தைப் பார்ப்பதா தவிர்ப்பதா என்பதற்கு முன், அது எவ்வகை முன்னுரை எனப் பார்ப்பவன் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தரும் அடையாளம் எதனையும் முன்னோட்டம் தன்மேல் தாங்கியிருப்பதில்லை.

தேர்வுரிமை

நகரத்தில் வாழ்பவர்க்கு முன்னோட்டத்தைத் தவிர்த்தல் எளிது. படம் பிடிக்காவிடின் இடைவேளையில் வெளியேறி வேறு அரங்கிற்குச் செல்லலாம். அம்பூரி போன்ற மலையடிவார ஊரில் வாழ்பவர் நெய்யாற்றின்கரைக்கோ எல்லை கடந்து மார்த்தாண்டத்திற்கோ சென்று ஒரு படம் காண்பது அரைநாளையும் பேருந்துக் கட்டணத்தையும் செலவிடுவதாகும். குடும்பத்துடன் செல்வோர்க்குச் செலவு பன்மடங்கு. அவர் எதனையும் அறியாது செல்லவேண்டும் என்பது சுவையறிவுடைய அறிவுரையாகத் தோன்றினும் இரக்கமற்றது. அவருக்கு முன்னறிவு தேவை. படம் எத்தகையது, சிறுவரை அழைத்துச் செல்லலாமா, தமிழ்ப் படமா மலையாளத்திலிருந்து மொழிமாற்றியதா, முன்பு கண்ட கதையின் மறுவடிவமா என்பனவற்றை அவர் அறிய விரும்புவார். இவற்றுள் ஒன்றையேனும் இன்றைய முன்னோட்டம் தெளிவாகக் கூறுவது அரிது. தணிக்கைச் சான்றின் எழுத்து ஒரு நொடி தோன்றி மறைகிறது. மறுவடிவம் என்னும் செய்தியோ பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. கூறவேண்டியது கூறப்படாமலும், காட்டாது வைக்கவேண்டியது காட்டப்பட்டும் போகின்றன.

எனவே, மறைபொருளே உயிரான படத்திற்கு முதன்முறை செல்பவர் முன்னோட்டத்தையும் கதைச்செய்தியையும் ஒருங்கே தவிர்த்தல் நன்று. பிற படங்களுக்குச் செல்பவர் கதையை எவரிடமும் கேட்டறியலாம், திறனாய்வைப் படிக்கலாம். முன்னோட்டத்தை மட்டும் ஒதுக்குதல் தகும். படத்தைக் கண்டு திரும்பியபின் அதன் முன்னோட்டத்தைப் பார்த்தல் எவ்வகைக் குற்றமும் இல்லாதது. எக்கணங்களைப் படத்தின் சிறந்தவை என வணிகர் எண்ணினர் என்பதையும், அவை தம் இடத்தில் எவ்வாறு நின்றன என்பதையும் ஒப்பிட அது உதவும்.

நோட்டீசு அச்சிடும் வழக்கம் இப்பகுதியில் முற்றும் அற்றுவிடவில்லை. கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா, நாடகம் ஆகியவற்றிற்கு இன்றும் நோட்டீசு வருகிறது. அதில் கலைஞர் பெயர் இருக்கும், கதையின் பெயர் இருக்கும், நேரம் இருக்கும். வில்லுப்பாட்டுக்குரிய நோட்டீசில் கதைச் சுருக்கம் இடம்பெறுவதில்லை. அனைவருக்கும் தெரிந்த கதைக்கு அது வேண்டப்படுவதும் இல்லை.